முதல் பிளாஷ்: விலையைப் பார்க்க முன் கமராவின் தலையைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கமரா வைத்திருக்கும் தம்பி தங்கச்சிமார், பாடசாலை மீடியா யுனிட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், பழைய மாணவர் சங்கங்களில் இருக்கும் நானாமார் ஆகியோர் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. "ஸேர், கமராவுக்கு ஒரு பிளாஷ் வாங்கணும். விலை குறைவா எது நல்லம்?" உக்குவளையில் இருந்தும் கேட்கிறார்கள், கலேவெலையில் இருந்தும் கேட்கிறார்கள், மாத்தளை டவுனில் இருந்தும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஓ.எல், ஏ.எல் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள். மாமாவோ நானாவோ வெளிநாட்டில் இருந்து அனுப்பிய கமரா, அல்லது இரண்டாம் கையாக வாங்கிய கமரா. அதை வைத்து ஊரில் நடக்கும் கலியாணம், பிறந்தநாள், மத்ரஸா விழா என்று நாலு காசு உழைக்க நினைக்கிறார்கள். நல்ல நிய்யத்து.

நான் தொழில் ரீதியான படப்பிடிப்பாளன் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியன். பாடசாலையில் மீடியா யுனிட்டும் என் பொறுப்பில் இருப்பதால் இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடிப் பார்த்து, பிள்ளைகளோடு சேர்ந்து பழகி வைத்திருக்கிறேன். அந்த அளவில்தான் இந்தக் கருத்து.

கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். முதல் பிளாஷ் மலிவானதாகவே இருக்கட்டும். அளவைக் கையால் வைக்கும் மெனுவல் பிளாஷ் போதும். ஆனால் அதன் தலை மேலேயும் பக்கத்துக்கும் திரும்ப வேண்டும். காசு கொடுக்க முன் உங்கள் கமராவிலேயே மாட்டி அடித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் வரும் காசில் நல்ல சார்ஜ் பெட்டரி வாங்க வேண்டும். "ஒரிஜினல்தான் வேணும், ஓட்டோமெட்டிக்தான் வேணும்" என்று கடன்பட்டு வாங்குவது எங்கள் ஊர் வேலைக்குத் தேவையில்லாத செலவு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கமராவில் இருக்கும் பிளாஷ் ஏன் போதாது?

பெரும்பாலான ஆரம்ப கமராக்களில் மேலே எழும்பும் சின்ன பிளாஷ் ஒன்று இருக்கிறது. அதன் பலத்தை கைட் நம்பர் என்ற இலக்கத்தால் சொல்வார்கள். கணக்கு இலேசானது. கைட் நம்பரை லென்ஸின் எஃப் இலக்கத்தால் வகுத்தால் எத்தனை மீற்றருக்கு வெளிச்சம் போகும் என்று வரும்.

கெனன் 1500டி கமராவின் சின்ன பிளாஷுக்கு கைட் நம்பர் 9.2. கமராவோடு வரும் 18-55 லென்ஸைக் கிட்டே இழுத்தால் எஃப் 5.6. 9.2ஐ 5.6ஆல் வகுத்தால் 1.6 மீற்றர். இது ஐ.எஸ்.ஓ 100இல் வரும் கணக்கு. ஐ.எஸ்.ஓவை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகும். ஆகவே ஐ.எஸ்.ஓ 400இல் 3.3 மீற்றர். மேடைக்குக் கீழே இரண்டாம் வரிசையில் நின்றாலே அது எட்டாது.

தூரத்தை விடப் பெரிய பிரச்சினை, அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து நேரே முகத்தில் அடிப்பது. கண் சிவக்கும். மூக்கு நெற்றியெல்லாம் பளபளக்கும். பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். கலியாண அல்பங்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் இன்னொரு கறுப்பு மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளி பிளாஷ் வாங்குவது அதிக வெளிச்சத்துக்காக மட்டுமல்ல. வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வர வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதற்காகத்தான். அதனால்தான் தலை திரும்பாத பிளாஷை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்கிறேன்.

நடுவில் இருக்கும் அந்தப் புள்ளி

இந்தப் பகுதியை மட்டுமாவது கட்டாயம் வாசியுங்கள். காசு வீணாகும் இடம் இதுதான்.

கமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தை ஹொட் ஷூ என்பார்கள். அதற்கு உலகப் பொது அளவு ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ 518 என்று பெயர். அந்தச் சட்டத்தின் நடுவில் பெரிய உலோகப் புள்ளி ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தும்போது "இப்ப அடி" என்ற செய்தி அந்தப் புள்ளி வழியாகத்தான் பிளாஷுக்குப் போகிறது. பல வருடங்களாகப் பெரும்பாலான கம்பனிகளின் கமராக்களில் வேறு கம்பனிகளின் மெனுவல் பிளாஷும் வேலை செய்ததற்குக் காரணம் அந்த ஒரு புள்ளிதான்.

கெனன் கம்பனி 2018, 2019 காலத்தில் தன் விலை குறைந்த மாடல்களில் அந்த நடுப்புள்ளியை எடுத்துவிட்டது. 1500டி (சில நாடுகளில் இதுவே 2000டி), 3000டி (இதுவே 4000டி), 200டி மார்க் இரண்டு (இதுவே 250டி) ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. சுற்றி இருக்கும் சின்னப் புள்ளிகள் மட்டும் இருக்கும். அவை கெனனின் சொந்த மொழியில் பேசும் புள்ளிகள். நடுப்புள்ளியை மட்டும் நம்பியிருக்கும் மலிவான மெனுவல் பிளாஷ் இந்தக் கமராக்களின் தலையில் ஏறி உட்காரும், லைட் எரியும், டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அடிக்கும். படம் எடுக்கும்போது மட்டும் அடிக்காது.

கவனியுங்கள், எங்கள் பிள்ளைகளின் கையில் அதிகம் இருக்கும் கமராக்கள் இவைதான். புதிதாக வாங்குபவன் மலிவான கமராவைத்தான் வாங்குவான். அவனுக்குத்தான் மலிவான பிளாஷும் தேவை. அந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் போய்விட்டது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, விடுமுறையில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு பிளாஷ் வாங்கினான். கடையில் "எல்லாக் கமராவுக்கும் சரிவரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய கமராவில் நடுப்புள்ளி இல்லை. திருப்பிக் கொண்டு போனபோது பெட்டி உடைத்த சாமானை எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாமை யாருடையதாக இருந்தாலும் காசு போனது அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஆகவே கமராவின் தலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். நடுவில் பெரிய புள்ளி இருக்கிறதா? 1200டி, 1300டி, 600டி, 700டி போன்ற பழைய கெனன்களில் இருக்கிறது. நிகோன் டி3100 தொடங்கி டி3500 வரையிலும் இருக்கிறது. இரண்டாம் கைக் கமரா வாங்கப் போகிறவர்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பாமல் கையில் எடுத்துப் பாருங்கள்.

புள்ளி இல்லாத கமரா ஏற்கனவே கையில் இருந்தால்?

கமராவை விற்கத் தேவையில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கெனனின் சொந்தச் சின்ன பிளாஷ். 2018இல் வந்த ஈஎல்-100 என்ற மாடல் இரண்டு பெட்டரியில் ஓடும், தலை மேலேயும் பக்கத்துக்கும் திரும்பும், கைட் நம்பர் 26. கெனனின் மற்ற பிளாஷ்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு. கெனனின் ஈஎக்ஸ் வரிசையில் இரண்டாம் கை கிடைத்தாலும் பார்க்கலாம், ஆனால் மாட்டி அடித்துப் பார்த்த பிறகுதான்.

இரண்டு, கொடொக்ஸ் போன்ற கம்பனிகள் கெனனுக்கென்று செய்யும் டி.டி.எல் வகைகள். பிரச்சினை தெரிய வந்த பிறகு சில மாடல்களின் மென்பொருளைப் புதுப்பித்து இந்தக் கமராக்களிலும் வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். எல்லா மாடலும் இல்லை. இதிலும் கடையில் மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே சாட்சி.

மூன்று, ஆக மலிவான வழி. பல மெனுவல் பிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் இருக்கும். இன்னொரு பிளாஷ் அடிப்பதைக் கண்டதும் தானும் அடிக்கும் நிலைகள் அவை. கமராவின் சின்ன பிளாஷை எழுப்பி விட்டு, வெளி பிளாஷை ஒரு மேசையிலோ ஸ்டாண்டிலோ வைத்து எஸ்2இல் போடுங்கள். கெனன், நிகோன் கமராக்கள் படம் எடுக்க முன் அளவு பார்க்க ஒரு சின்ன வெளிச்சம் விடும். எஸ்2 அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். எஸ்1இல் போட்டால் முதல் வெளிச்சத்துக்கே அடித்து முடித்துவிடும், படத்தில் எதுவும் இருக்காது. வீட்டில், வகுப்பறையில், குடும்பப் படம் எடுக்க இது நல்லா வேலை செய்யும். பக்கத்தில் இருந்து வெளிச்சம் வருவதால் படமும் அழகாக இருக்கும்.

ஒரு குறை உண்டு. கலியாண வீட்டில் இன்னொரு படப்பிடிப்பாளர் இருந்தால் அவர் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பிளாஷும் சேர்ந்து அடிக்கும். உங்கள் பெட்டரியும் தீரும், அவருடைய பொறுமையும் தீரும்.

ஓட்டோமெட்டிக் ஏன் அவசியமில்லை?

"ஸேர், டி.டி.எல் இருந்தால் அதுவே அளவு பார்த்து அடிக்கும்தானே, அது லேசுதானே" என்பார்கள். கலியாண வீட்டில் கூட்டத்துக்குள் ஓடி ஓடி எடுப்பவருக்கு உண்மையிலேயே லேசுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

டி.டி.எல் என்பது, கமரா முதலில் ஒரு சின்ன வெளிச்சம் அனுப்பி, திரும்பி வருவதை அளந்து, அதன்படி பிளாஷின் அளவைத் தீர்மானிப்பது. முன்னால் இருப்பது வெள்ளையும் கறுப்பும் கலந்த நடுத்தர நிறம் என்று அது எண்ணிக்கொள்கிறது. எங்கள் பிள்ளைகளோ வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பர்தா. ஒரு வகுப்பே வரிசையில் நின்றால் படம் முழுக்க வெள்ளை. வெளிச்சம் கூடிவிட்டது என்று கமரா நினைத்துக் குறைத்துவிடும். விளைவு, சீருடை சாம்பல் நிறம், பிள்ளைகளின் முகம் இருட்டு. அதே கமரா கறுப்புத் திரை போட்ட மேடையில் ஒற்றைப் பிள்ளையை எடுக்கும்போது தலைகீழாகச் செய்யும். வெளிச்சம் போதாது என்று கூட்டி அடித்து முகத்தை வெள்ளையாக்கி விடும். அதிக விலை கொடுத்து வாங்கியவரும் கடைசியில் கையால் கூட்டிக் குறைக்கத்தான் வேண்டும்.

மெனுவல் பிளாஷ் சீருடையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிய வேண்டியது தூரம் மட்டும்தான். பரிசளிப்பு விழாவில் தூரம் மாறுவதே இல்லையே. அதிதி நிற்கும் இடம் ஒன்று, பிள்ளை வந்து சான்றிதழ் வாங்கும் இடம் ஒன்று.

எங்கள் மீடியா யுனிட் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முறை இது. பிள்ளை நிற்கும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு. மூன்று மீற்றர் தள்ளி படமெடுப்பவர் நிற்க இன்னொரு கோடு. கமராவை எம் நிலையில் வைத்து, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ 400, ஷட்டர் 125இல் ஒரு செக்கன். இப்போது கணக்கு. மூன்றை 5.6ஆல் பெருக்கினால் 16.8. ஐ.எஸ்.ஓ 400 என்பதால் அதில் பாதி, 8.4. கைட் நம்பர் 33 உள்ள பிளாஷுக்கு 8.4 என்பது ஏறத்தாழ நான்கில் ஒன்று. வெளிச்சம் தூரத்தின் வர்க்கப்படி குறைவதால் நான்கை நான்கால் பெருக்கிப் பதினாறு. ஆகவே பிளாஷை 16இல் 1 என்ற அளவில் வைத்தால் சரி. ஒரு படம் எடுத்துப் பார்த்து ஒரு படி கூட்டவோ குறைக்கவோ செய்தால் போதும். இருநூறு பிள்ளைகள் வந்தாலும் இருநூறு படமும் ஒரே அளவில் வரும். குறைந்த அளவில் அடிப்பதால் பெட்டரியும் நிற்கும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

பாடப் புத்தகத்தில் எவ்வளவு விளக்கினாலும் ஏறாத தூர-வர்க்க விதி, தரம் 10 பிள்ளைகளுக்கு இந்தச் சோக்குக் கோட்டில் விளங்கிவிட்டது. பாடசாலைக்கு மெனுவல் பிளாஷ் நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கம்

கடையில் இரண்டு பெட்டியை வைத்து "இது 58, அது 33, 58தான் பலம் கூட" என்பார்கள். அவ்வளவு இலேசாக ஒப்பிட முடியாது. தலைக்குள் சூம் உள்ள பிளாஷ்களில் வெளிச்சத்தைக் குறுக்கி ஒடுக்கமாக அனுப்பலாம். யொங்னுவோ 560 வரிசையின் 58 என்பது 105 மில்லிமீற்றருக்கு ஒடுக்கிய அளவு. 35 மில்லிமீற்றருக்கு விரித்தால் 40க்குக் கீழே வந்துவிடும். கொடொக்ஸ் டிடி600இன் 60 என்பது 200 மில்லிமீற்றரில். ஆகவே எந்தச் சூமில் அந்த இலக்கம் என்று கேளுங்கள்.

என் பார்வையில் ஆரம்பிப்பவருக்கு மூன்று தெரிவுகள். மூன்றுக்கும் கமராவில் நடுப்புள்ளி வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கொடொக்ஸ் டிடி520 இரண்டாம் வகை: மூன்றிலும் மலிவானது. கைட் நம்பர் 33, எட்டுப் படி அளவு, தலை திரும்பும். திரையும் இல்லை, சூமும் இல்லை. பாடசாலைக்கும் வீட்டுக்கும் போதும்.

யொங்னுவோ 560 மூன்று, நான்கு: திரை இருக்கிறது, 24 முதல் 105 வரை சூம், 128இல் 1 வரை அளவு. இரண்டாம் கையிலும் கிடைக்கும்.

கொடொக்ஸ் டிடி600: மேலே சொன்ன வசதிகளோடு, அந்தக் கம்பனியின் ரேடியோ முறை உள்ளேயே இருக்கிறது. பிறகு இரண்டாவது பிளாஷ், ட்ரிகர் என்று வளர நினைப்பவருக்கு இது நல்லது. தொழிலாகச் செய்ய முடிவெடுத்த பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன்.

டொலரோடு சேர்ந்து விலை ஏறி இறங்குவதால் ரூபாக் கணக்கு நான் எழுதவில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஒப்பீடு பெரிதாக மாறாது. கெனனின் நடுத்தர ஒரிஜினல் பிளாஷ் ஒன்றின் விலைக்கு டிடி600 மூன்று, நான்கு வாங்கலாம்.

"மலிவு சாமானின் வெளிச்சமும் மலிவாகத்தானே இருக்கும்" என்று ஒரு நானா கேட்டார். இல்லை. 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹரல்ட் எட்ஜர்டன் என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்த அடிப்படைதான் இன்றும் எல்லா பிளாஷிலும். மின்சாரத்தை ஒரு கொள்ளளவியில் சேர்த்து வைத்து, வாயு நிரப்பிய குழாய் வழியாக ஒரே நொடியில் விடுவது. விலை கூடினால் கிடைப்பது ஓட்டோமெட்டிக் மூளை, சூடு தாங்கும் உடல், விரைவாகத் திரும்ப நிரம்புவது, உத்தரவாதம். இவை மாதத்துக்குப் பத்துக் கலியாணம் எடுப்பவருக்குத் தேவை. பழகும் பிள்ளைக்கு இல்லை.

எங்கள் கூரைகள்

யூடியூப்பில் பார்த்தால் எல்லோரும் "தலையை மேலே திருப்பி சீலிங்கில் அடியுங்கள்" என்பார்கள். அவர்கள் வீட்டு சீலிங் வெள்ளை, எட்டுப் பத்து அடி உயரம். எங்கள் பாடசாலை மண்டபத்தில் சீலிங் எங்கே? ஓடு, தகரம், அல்லது பழுப்பேறிய அஸ்பெஸ்டஸ். அதுவும் மேலே எங்கேயோ. அங்கே அடித்த வெளிச்சம் வௌவாலுக்குத்தான். சுவர்களிலும் பாதிக்கு பச்சை, நீலம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பிள்ளையின் முகத்தையும் பச்சையாக்கும்.

அதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வெள்ளை பிரிஸ்டல் போட்டில் ஒரு கொப்பி அளவுக்கு வெட்டி, பிளாஷின் தலைக்குப் பின்னால் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தலையை மேலே திருப்பினால் போட்டில் பட்டு முன்னால் வரும். வெளிச்சம் வரும் இடம் பெரிதாகிறது, நிழல் மெதுவாகிறது. வெளிச்சம் கொஞ்சம் வீணாகும் என்பதால் பிளாஷை இரண்டு படி கூட்டி வையுங்கள். வீட்டில் என்றால் வெள்ளைச் சுவர் ஒன்றின் பக்கம் தலையைத் திருப்பி அடித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் மாதிரி இருக்கும்.

பெட்டரி

பென்டோர்ச் பெட்டரி என்று நாங்கள் சொல்லும் டபிள் ஏ பெட்டரி நான்கு தேவை. கடையில் கிடைக்கும் ஆக மலிவான சாதாரண பெட்டரி போட்டால் கொஞ்ச நேரத்தில் பிளாஷ் திணறும். பிறகு "பிளாஷ் சரியில்லை" என்பார்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை சார்ஜ் பெட்டரி வாங்குங்கள். எட்டு வாங்கினால் நான்கு வேலை செய்யும்போது நான்கு சார்ஜில் இருக்கும். அதில் 1.2 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலம் குறைவு என்று நினைக்க வேண்டாம். மின்னோட்டத்தை வேகமாகக் கொடுப்பதால் பிளாஷ் சீக்கிரம் நிரம்பும். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். வேலை முடிந்தால் கழற்றி வையுங்கள். ஊறி வடிந்த பெட்டரியால் கெட்டுப்போன பிளாஷ்கள் எத்தனையோ.

மாற்றுக் கருத்துகள்

"முதலில் 50 எம்.எம் லென்ஸ் வாங்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்வி. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6ஐ விட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டில் பிள்ளையை எடுக்க ஆசைப்படும் உம்மா வாப்பாவுக்கு அதுதான் முதலில் நல்லது. ஆனால் மூன்று வரிசையில் நிற்கும் வகுப்பை எஃப் 1.8இல் கிட்ட நின்று எடுத்தால் முன்வரிசை தெளிவாக இருக்கும், பின்வரிசை மங்கும். கூட்டப் படத்துக்கும் மேடைக்கும் பிளாஷ்தான்.

"இப்ப போனே போதும்" என்பார்கள். பகலில் போதும். ரிவஸ்டனுக்குப் போய் மலையை எடுக்கப் போனும் போதும், பிளாஷும் தேவையில்லை. இரவு நிக்காஹ்வில் அசையும் ஆட்களை எடுத்து, அதை அல்பம் அளவுக்கு அச்சடித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

"வாப்பாவின் பழைய பிளாஷ் அலுமாரியில் இருக்கிறது, அதைப் போடலாமா?" கவனம். ஃபிலிம் காலத்துப் பிளாஷ்கள் சிலவற்றில் அந்த நடுப்புள்ளிக்கு 200 வோல்ட்டுக்கு மேலும் வரும். டிஜிட்டல் கமராவின் சுற்று அதைத் தாங்காமல் போகலாம். மீற்றர் வைத்து அளக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் மாட்ட வேண்டாம்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மீடியா யுனிட்டுக்கு உதவ முன்வருவது சந்தோஷம். அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது, விலை கூடிய ஒரு சாமானை மேடையில் வைத்துக் கையளித்து, படம் எடுத்து, பிறகு அது அதிபரின் அலுமாரியில் பூட்டப்படுவது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பிள்ளைகளின் கைக்கே போகாது.

அதே காசில் இரண்டு மலிவான மெனுவல் பிளாஷ், எட்டு சார்ஜ் பெட்டரி, ஒரு சார்ஜர், ஒரு ஸ்டாண்ட் வாங்கிக் கொடுங்கள். உடைந்தாலும் தாங்கக்கூடிய சாமான்தான் பிள்ளைகளின் கைக்குப் போகும். கைக்குப் போனால்தான் பழகுவார்கள். வாங்க முன் பாடசாலையின் கமராவைக் கடைக்குக் கொண்டு போங்கள். கொழும்பில் இருந்து யாரோ வாங்கி அனுப்புவதானால் கமரா தலையை ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

இதில் பெரிய விடயம் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் தோட்டப்புறத்திலும் கிராமத்திலும் இருந்து வரும் சில பிள்ளைகளுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே படம் பாடசாலையில் பரிசு வாங்கிய படம்தான். அதில் அந்தப் பிள்ளையின் முகம் முகமாகத் தெரிய வேண்டும். இருட்டாகவும் வேண்டாம், வெளுத்துப் போகவும் வேண்டாம்.

கடைசியாக, அடிக்கும் முன் ஒரு நிமிடம்

பிளாஷ் கையில் வந்ததும் எல்லாவற்றுக்கும் அடிக்கத் தோன்றும். எங்கள் மாவட்டத்தில்தான் சீகிரியாவும் தம்புள்ளையும் இருக்கின்றன. சீகிரியா ஓவியங்களைப் படமெடுக்கவே அனுமதி இல்லை. தம்புள்ளைக் குகைகளில் ஓவியங்களுக்கு முன் பிளாஷை அணைத்து வையுங்கள். அது எங்கள் எல்லோருடைய சொத்து. பள்ளியில் நிக்காஹ் நடக்கும்போது துஆ ஓதும் பெரியவரின் முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். பேச்சுப் போட்டியில் பேசும் பிள்ளையின் கண்ணுக்கு விடாமல் அடித்தால் பாடமாக்கியது மறந்து போகும். இரண்டு படம் போதும். பெண்கள் பகுதியில் அனுமதி கேட்காமல் கமராவைத் தூக்கவே வேண்டாம். அனுமதி கிடைத்து எடுத்த படத்தையும் கேட்காமல் பேஸ்புக்கில் போட வேண்டாம். நல்ல படப்பிடிப்பாளனை ஊர் திரும்பக் கூப்பிடுவது படத்துக்காக மட்டுமல்ல.

யாராவது பிளாஷ் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் கமராவின் தலையைப் படமெடுத்துக் கீழே கருத்தில் போடுங்கள். நடுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். தொழிலாகச் செய்யும் நானாமார் நான் சொன்னதில் கூடக் குறைய இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளும் வாசிப்பார்கள். ஏற்கனவே வாங்கி, சேராமல் வீட்டில் கிடக்கும் பிளாஷ் யாரிடமாவது இருந்தால் வீச வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பாடசாலை மீடியா யுனிட்டில் அது சேரும் கமரா ஒன்று இருக்கும்.